இலையின் அடிப்பக்கம்

சின்னவளுக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை கிடைத்ததும் அவள் அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "எம் பொண்ணு செடிக்கு டாக்டராயிட்டா." உண்மையில் அவளுக்குக் கிடைத்தது அதற்கு நேர்மாறான வேலை. செடிக்கு நோயை வரவழைத்து, அது எப்படிச் சாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை.

பண்ணையின் சரிவில், மற்ற வயல்களை விட்டு விலகி, கடைசிக் கோடியில் ஒரு துண்டு நிலம். சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சோளம் விதைத்து மறைத்திருந்தார்கள். அதற்கு நோய்த்திடல் என்று பெயர். உள்ளே வரிசை வரிசையாக உருளைக்கிழங்கு, வரிசைக்கு ஒரு புது ரகம். கருகல் நோயைத் தண்ணீரில் கலந்து எல்லாச் செடிகள் மேலும் வேண்டுமென்றே தெளிப்பார்கள். பிறகு தினமும் ஒருத்தி போய், இந்த வரிசையில் இலை எவ்வளவு கருகியிருக்கிறது, அந்த வரிசையில் எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த ஒருத்தி இப்போது சின்னவள்.

முதல் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனது நோய்ப் பிரிவின் தலைமை ஆய்வாளர். பண்ணையில் எல்லாருக்கும் அவர் 'மேடம்'தான். குள்ளமான உருவம், கரகரத்த குரல். சோளத் தட்டைகளுக்கு முன்னால் நின்று திரும்பினார்.

"பயமா இருக்கா?"

"இல்ல மேடம்."

"இருக்கணும். பயமில்லாத ஆளுங்கள நான் இதுக்குள்ள விடறதில்ல. உங்க வீட்ல என்ன பயிர்?"

"உருளைக்கிழங்குதான் மேடம். அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருக்காங்க."

மேடம் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அப்ப நீ மத்தவங்கள விட ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும். உள்ள போட்ட பூட்ஸ் வெளிய வரக் கூடாது. உள்ள போட்ட துணி வெளிய வரக் கூடாது. இந்தக் கருகல் இலையோட இலையா கெடக்கும்னு நினைக்காத. தண்ணில வரும், துணில வரும், காத்துல வரும். புரியுதா?"

புரிந்தது. தேவைக்கு அதிகமாகவே புரிந்துவிட்டது என்பதுதான் சின்னவளின் சங்கடம்.

அன்றிலிருந்து அவள் கை கழுவிய கழுவலைப் பார்த்து, "ரேகையும் சேர்ந்து போயிடப் போவுதுடி" என்றாள் அம்மா. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், வேலியோரச் செடிகளின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சமையலறையில் கீரைக்கட்டைப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். "ஆயச் சொன்னா ஜோசியம் பாக்குறா" என்று அம்மா அப்பாவிடம் முறையிடுவாள். அப்பா சிரிப்பார். பெரியப்பாவும் சிரிப்பார். அவளைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று அந்த வீட்டில் முதலில் வாய் திறந்தவர் பெரியப்பாதான். வேலை கிடைத்த நாளிலிருந்து அவளை 'ஆபீசர்' என்றுதான் கூப்பிட்டார். மாலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தன் வயலுக்குள் நின்றபடியே குரல் கொடுப்பார்: "என்ன ஆபீசர், இன்னிக்கு எத்தனை செடியக் கொன்னீங்க?"

அவளும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு அந்தக் கேலி நின்றுபோனது.

கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. கொட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பொடித் தூறல், விடாத மூடுபனி, குளிர். துவைத்த துணி கொடியிலேயே நாற்றமெடுத்தது. தீப்பெட்டி நமத்துப்போனது. இலைகள் காயவே இல்லை. கருகலுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது என்று அவள் பாடத்தில் படித்திருந்தாள். இப்போது கண்ணால் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பச்சையாக விட்டுவிட்டு வந்த வரிசை, திங்கட்கிழமை வெந்த கீரை மாதிரித் தரையோடு தரையாகக் கிடந்தது. அழுகல் வாடை சோளத்தைத் தாண்டி நடைபாதை வரைக்கும் வந்தது. நோஞ்சான் ரகங்கள் எல்லாம் கறுத்து விழ, நடுவில் நாலைந்து வரிசைகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. மேடத்துக்கு அந்த வரிசைகள் என்றால் உயிர். சின்னவளுக்கோ கண் அங்கே போகவில்லை. விழுந்து கிடந்ததில் ஒரு வரிசை, அப்பா வயலில் போட்டிருக்கிற அதே ரகம்.

அந்த வாரத்தில் ஒரு நாள்தான் அது நடந்தது. மதிப்பெண் போட்டு முடிக்கும்போதே பஸ் வரும் நேரமாகிவிட்டது. பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழற்றினாள், கால்சட்டையை மாற்றினாள், ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது மடியில் சொட்டு விழுந்தது. குனிந்து பார்த்தாள். மழைக்கோட்டு. திடலுக்குள் போட்டிருந்த அதே மழைக்கோட்டு.

கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள். இறங்கியதும் வழக்கமான வயல் வரப்பில் போகாமல், நனைந்துகொண்டே சாலையைச் சுற்றி வீட்டுக்குப் போனாள். கோட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். அம்மா கேட்டதற்குச் சேறு என்றாள். ஒரு கோட்டுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை முறை சொல்லியும் அது காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வயலுக்குப் போனாள். மேட்டிலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். எல்லாம் பச்சை. பூ அப்போதுதான் கொட்ட ஆரம்பித்திருந்தது. தாழ்ந்த மூலையில், பெரியப்பா வயலை ஒட்டி, பனி எப்போதும் தேங்கிக் கிடக்கிற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டாள்.

ஒரு செடி. அதில் நாலு இலை. நுனியில் வெந்நீர் தெறித்ததுபோலக் கறுப்பு, அதைச் சுற்றி வெளுத்த பச்சை. ஒரு இலையைப் பிடித்துத் திருப்பினாள். கறுப்பும் பச்சையும் சேருகிற விளிம்பில், மாவு தூவினதுபோல வெள்ளைப் பூசணம்.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வந்து குனிந்து பார்த்தார். இலையைக் கட்டை விரலால் தேய்த்தார். "மண்ணு தெறிச்சிருக்கும்மா. மழைல இப்பிடித்தான் ஆவும்."

"இது மண்ணு இல்லப்பா. கருகல்."

"உனக்கு எதப் பாத்தாலும் கருகல்தான். அன்னிக்குக் கீரைலயும் கருகல்னே."

"அப்பா, திருப்பிப் பாருங்க. வெள்ளையா இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு, "சரி. மழை விட்டதும் மருந்தடிச்சுக்கலாம்" என்றார்.

"அது நோய் வர்றதுக்கு முன்னாடி அடிக்கிற மருந்துப்பா. வந்து உள்ள இறங்கின பிறகு பெருசா ஒண்ணும் பண்ணாது. மழையும் இப்ப விடறதா இல்ல."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

பதில் அவளுக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். இப்போது அதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"தழைய அறுத்துடணும்ப்பா. இன்னிக்கே. வயல் முழுக்க. நோய் மழைத்தண்ணியோட மண்ணுக்குள்ள இறங்கினா கிழங்கும் அழுகிடும். அதுக்கு முன்னாடி தழைய எடுத்துட்டா, இருக்கிற கிழங்காவது மிஞ்சும்."

அப்பா நிமிர்ந்து வயலைப் பார்த்தார். இடுப்பளவு உயரத்தில், பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக நின்ற பயிர். நாலு இலையைத் தவிர வேறு குறையில்லை.

"பூவே இப்பதான் கொட்டுது. கிழங்கு பெருக்க ஆரம்பிக்கிற நேரம். இப்ப அறுத்தா எலுமிச்சங்கா அளவுக்கு மேல ஒண்ணும் தேறாது." அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, நீ வேலைக்குப் போயி எத்தன நாளாச்சு?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கும் பயம், அதனால் கேட்டார். அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். போய் நின்று மேடத்துக்குப் படம் அனுப்பினாள். உடனே கூப்பிட்டார்.

"படத்துல ஒண்ணும் தெரியல. ஒரே மங்கல். நீ பாத்ததச் சொல்லு."

சொன்னாள். ஓரம் எப்படி, நடு எப்படி, அடிப்பக்கம் எப்படி, வாடை எப்படி.

"நீ என்ன நினைக்கிறே?"

"கருகல் மேடம்."

"எவ்வளவு நிச்சயமா?"

மழை தொட்டியின் தகர மூடியில் பொடபொடத்தது.

"நாளைக்கு நானே வந்து பாக்கிறேன். அதுக்குள்ள—"

"நாளைக்குள்ள இறங்கிடும் மேடம். இங்க பனி விலகவே இல்ல."

"அப்ப உனக்கே தெரியுதுல்ல" என்றார் மேடம். கொஞ்சம் பொறுத்து, "நான் இங்கேருந்து அறுன்னும் சொல்ல முடியாது, அறுக்காதேன்னும் சொல்ல முடியாது. பாத்தவ நீ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மா வயலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அந்த இலையைப் பறித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றது தப்பாப் போனா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஒரு வருசப் பயிர நானே அழிச்ச மாதிரி, அம்மா."

"நீ சொன்னது சரியா இருந்து நாங்க கேக்காம விட்டா?"

"இந்த வாரத்துக்குள்ள ஒண்ணும் இருக்காது."

அம்மா இலையைக் கீழே போடவில்லை. கையிலேயே கசக்கி வைத்துக்கொண்டாள். "அறுத்தாலும் வயித்தக் கலக்குது, விட்டாலும் வயித்தக் கலக்குது. அறுத்தா வேலையாவது இருக்கும். சும்மா ஒக்காந்து பயந்துகிட்டிருக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் போய் அரிவாள்களை எடுத்து வந்தாள். அப்பா வரப்பிலேயே நின்றார். முதல் வரிசை சாய்ந்தது. இரண்டாவது வரிசையில் அம்மா பாதி போனபோது, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

அன்று பகல் முழுக்க அறுத்தார்கள். தண்டை அடியோடு அறுத்து, இழுக்காமல், உதறாமல், சாக்கில் திணித்துத் தூக்க வேண்டும். ஈரத் தழை கல்லாகக் கனத்தது. எரிக்க வழியில்லாததால் மேட்டோரம் குழி வெட்டிப் புதைத்தார்கள். நறுக்கிய தண்டின் பச்சை வாடை மூக்கில் ஏறி, மதியம் அம்மா கொண்டு வந்த வேகவைத்த கிழங்கும் கறுப்புத் தேநீரும்கூட அதே வாடை அடித்தன. கையில் விழுகிற ஒவ்வொரு செடியையும் சின்னவள் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் புள்ளியே இல்லை. அடுத்ததிலும் இல்லை. கருகல் இருந்துவிடக் கூடாதே என்று காலையில் பயந்தவள், இப்போது இன்னொரு செடியிலாவது இருந்துவிடாதா என்று தேடினாள். அப்படித் தேடுகிறோம் என்று உணர்ந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

பெரியப்பா வரப்புக்கு வந்தபோது முக்கால் வயல் மொட்டையாகிவிட்டிருந்தது.

"டேய், என்னடா இது? பைத்தியமா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?"

அப்பா நிமிரவில்லை. "கருகல் வந்திருக்குண்ணே."

"எங்க?"

"அந்த மூலைல. ஒரு செடில."

"ஒரு செடிக்காக வயலையே மொட்டையடிப்பியா? யாரு சொன்னா?" அவர் கண் சின்னவள் பக்கம் திரும்பியது. "ஓ. ஆபீசர் உத்தரவா."

சின்னவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்புக்கு வந்தாள். "பெரியப்பா, உங்க வயல்லயும் வரப்போரமா இருக்கு. நான் பாத்துட்டேன். நீங்களும் இன்னிக்கே அறுத்துடுங்க. நாங்க மூணு பேரும் வந்து கூட அறுக்கிறோம்."

"நான் இந்த மண்ணுல கருகல் பாக்காத ஆளா? வரும். நாலு எலை போவும். வெயில் வந்தா நின்னுடும்."

"வெயில் வராது பெரியப்பா. கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. "ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. ஒங்க பண்ணைல இந்த நோய வளக்கிறாங்களாமே, நெசமா?"

"ஆமா பெரியப்பா. எந்த ரகம் தாங்குதுன்னு பாக்கிறதுக்காக..."

"தெனமும் அதுக்குள்ள போயிட்டுத்தான் இங்க வர்றியா?"

அவள் வாயைத் திறந்தாள். மழைக்கோட்டிலிருந்து மடியில் விழுந்த சொட்டுதான் கண் முன்னால் நின்றது. பெரியப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "எம் பயிர நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலையில், மேடம் வரட்டும் என்று காத்திராமல், புதைக்காமல் எடுத்து வைத்திருந்த நோய் இலைகளை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். மேடத்தின் மேசை மேல் வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கோட்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடம் முகம் இறுகியது.

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"பயப்படணும்னு நான் சொன்னது இதுக்கா? சொல்லணும்கிறதுக்குத்தான் பயம், மறைக்கிறதுக்கில்ல."

"வேலைய விட்டு எடுத்துடுவீங்களா?"

"மொதல்ல எலையப் பாக்கலாம். இது நம்ம திடல்ல இருக்கிற அதே கருகலா, இல்ல வேறயான்னு சோதிச்சா தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நீ திடலுக்குள்ள போகாத."

சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வரும்வரை அவளுக்கு விதை அறையில் கிழங்கு பொறுக்கும் வேலை. கை வேலை செய்தது, மனம் வீட்டிலேயே கிடந்தது. அங்கே பெரியப்பாவின் வயல் அவள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. முதலில் வரப்போரம், அப்புறம் நடு, அப்புறம் ஒரேயடியாகப் பாதி. காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்த்ததற்கும் சம்பந்தமில்லை. அழுகல் வாடை வீட்டுக்குள் வந்தது. அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள், அப்படியும் வந்தது. பெரியப்பா அறுக்க ஆரம்பித்தபோது அரிவாள் வைப்பதற்கு அங்கே தண்டு இல்லை. கையில் எடுத்தால் கூழாக வழிந்தது. அப்பா உதவிக்குப் போனார். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணன்.

அப்பா அன்று மாலை தன் வயலில் ஓரிடத்தில் விரலால் மண்ணைத் தோண்டினார். சின்னச் சின்னக் கிழங்குகள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. மகளிடம் காட்டினார். மறுபடி மண்ணை மூடினார். சொன்னது சரியாகிப்போனதில் சின்னவளுக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. சரியாகிப்போனதற்கும் தான்தான் காரணமோ என்ற எண்ணம் அவளை விடவில்லை.

மேடம் கூப்பிட்டனுப்பியபோது விதை அறையிலிருந்து அலுவலகம் வரைக்கும் எப்படி நடந்து போனாள் என்பதே அவளுக்கு நினைவில்லை.

"இது நம்மளது இல்ல" என்றார் மேடம்.

சின்னவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கோட்டு விஷயம் தப்புதான். அதுக்கு எச்சரிக்கை வரும், வாங்கிக்க. ஆனா உங்க வயலுக்கு நோயக் கொண்டு போனது நீ இல்ல. நம்ம திடல்ல இருக்கிற கருகல் வேற, இது வேற."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் முகத்திலும் நிம்மதி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இது நாங்க யாரும் இதுவரைக்கும் பாக்காத வகை. என்ன அர்த்தம்னு புரியுதா உனக்கு? திடல்ல நல்லா நிக்குதே நாலஞ்சு வரிசை, அதெல்லாம் பழைய கருகலத் தாங்கினது. இதத் தாங்குமான்னு யாருக்கும் தெரியாது. இன்னும் ரெண்டு வருசத்துல அந்த ரகத்தத்தான் எல்லாருக்கும் கொடுக்கப் போறோம்னு சொல்லிகிட்டிருந்தோம்."

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"என்ன பண்ணுவோம்? தனியா ஒரு கண்ணாடிக் குடில்ல எல்லா ரகத்தையும் வெச்சு, இதத் தெளிச்சுப் பாப்போம். அதுக்கு நிறைய இலை வேணும். நோய் உயிரோட இருக்கிற இலை. நீ கொண்டு வந்தது சோதனைக்கே தீந்துபோச்சு. உங்க வயல்ல இருக்குமா?"

"எங்க வயல்ல எல்லாம் புதைச்சாச்சு மேடம். பெரியப்பா வயல்ல மேல் ஓரத்துல கொஞ்சம் இருக்கு."

"கேட்டு வாங்கிட்டு வா. தெளிக்கிறதும் நீதான்."

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல் நின்றிருந்தது. பெரியப்பா வயல் மேட்டில், கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்தும் குரல் கொடுக்கவில்லை. கறுத்துக் கிடந்த வரிசைகளுக்கு நடுவே போய் எதிரில் நின்றாள்.

"பெரியப்பா, சோதிச்சுப் பாத்தாச்சு. இது எங்க பண்ணைலேருந்து வந்தது இல்ல."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கலாம். விதைக்கிழங்குல வந்திருக்கலாம். தெரியல."

"தெரியலன்னு சொல்லத்தான் அவ்வளவு படிச்சியா?"

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எனக்குக் கொஞ்சம் இலை வேணும் பெரியப்பா. உங்க வயல்லேருந்து."

"எதுக்கு?"

"பண்ணைல நல்லா இருக்கிற செடிங்க மேல தெளிக்கிறதுக்கு."

பெரியப்பா அவளை அண்ணாந்து பார்த்தார். "நல்லா இருக்கிற செடி மேலயா? அடிப்பாவி."

"எது சாகாம நிக்குதுன்னு பாக்கணும் பெரியப்பா. இது புதுசு. இதத் தாங்குற ரகம் ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான்..." மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

"எங்கிட்ட வந்து இதக் கேக்க உனக்குப் பயமாயில்ல?"

"வர்ற வழியெல்லாம் பயந்துகிட்டுத்தான் வந்தேன். அதவிட, இதத் தெளிச்ச பிறகு ஒரு செடி கூட நிக்கலன்னா என்ன பண்றதுங்கிறதுதான் பெரிய பயம்."

அவர் தன் வயலை ஒரு முறை பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். அவள் குனிந்து பக்கத்துச் செடியில் கை வைக்கப் போனபோது தடுத்தார்.

"அது செத்துப்போச்சு. நோயும் அதோட செத்திருக்கும். மேல வா, அங்க பாதிப் பச்சையா நிக்குது."

முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். மேல் ஓரத்தில் ஒவ்வொரு செடியாக நின்று, இலையைப் பறித்து, திருப்பிப் பார்த்து, வெள்ளை படர்ந்ததாகப் பார்த்து அவள் விரித்த பையில் போட்டார். தன் கையாலேயே பையை நிரப்பினார். வாயை முறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு திரும்பி, நாலு அடி நடந்ததும் கூப்பிட்டார்.

"ஆபீசர்."

நின்றாள்.

"ஏதாவது ஒண்ணு நின்னுச்சுன்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும்."

"ஒண்ணுமே நிக்கலன்னா, பெரியப்பா?"

அவர் கையில் ஒட்டியிருந்த அழுகலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்பவும் வந்து சொல்லு" என்றார்.